பீங்கானில் ஓடும் மயிர்க்கோடுகள்

வீட்டில் நெடுநாள் புழங்கிய பீங்கான் கோப்பை ஒன்றை எடுத்து, சாளர வெளிச்சத்திற் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். உட்புறத்திலே மயிரினும் மெல்லிய கோடுகள் வலைபோற் பின்னிக் கிடப்பதைக் காணக்கூடும். தேயிலைச் சாயம் ஏறியிருந்தால் அவை பழுப்பு நிறமாகத் தெளிவாய்த் தெரியும். நகத்தால் வருடினாலும் பெரும்பாலும் தட்டுப்படுவதில்லை, கோப்பை ஒழுகுவதுமில்லை. ஆயினும் வீட்டிலுள்ளோர், "இது வெடித்துப் போயிற்று" என்று அதனை ஒதுக்கிவிடுவர். அத்தகைய கோடுகள் ஓடிய கிண்ணம் ஒன்று, 2017ஆம் ஆண்டு ஹொங்கொங்கில் ஏலத்துக்கு வந்தபோது 29 கோடியே 43 இலட்சம் ஹொங்கொங் டொலருக்கு விலைபோயிற்று. அது தூரிகை கழுவுவதற்கென்று ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் சீனத்திற் செய்யப்பட்டது. அதன் விட்டம் ஏறக்குறைய 13 சென்ரிமீற்றர் மட்டுமே.

ஒரு கோடு குப்பைத் தொட்டிக்கு வழிகாட்டுகிறது. மற்றொரு கோடு கண்ணாடிப் பேழைக்கு வழிகாட்டுகிறது. இரண்டும் ஒரே காரணத்தால் உண்டானவை. எனின், வேறுபாடு எங்கே இருக்கிறது? மாணவர்களும் பெற்றோரும் சேர்ந்து படித்தறியத் தக்க விடயம் இது என்று கருதியே இவ்வாண்டு மலருக்கு இதனைத் தெரிந்தெடுத்தோம்.

முதலில் மெருகுப்பூச்சு என்பது யாது என அறிதல் வேண்டும். நம் குயவர் வனைந்த பானையும் சட்டியும் பொதுவாக மெருகுப்பூச்சு இல்லாதவை. கூழாங்கல்லால் தேய்த்து வழவழப்பாக்குவர், செங்காவி பூசுவர், அவ்வளவே. அது குறையன்று. மண்பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாவதனாலேயே உள்ளிருக்கும் தண்ணீர் குளிர்கின்றது. பானைக்கு மெருகு பூசினால் அந்தக் குளிர்ச்சி போய்விடும். ஆனால் எண்ணெய், ஊறுகாய், பேரீச்சம்பாகு முதலியவற்றைப் பல மாதம் வைத்திருக்கவோ, கப்பலேற்றி அனுப்பவோ வேண்டுமாயின் கசியாத கலம் தேவை. அதற்காக மனிதர் கண்டுபிடித்ததுதான் மண்ணின்மேற் கண்ணாடியை உருக்கி ஒட்டும் உபாயம். 'பீங்கான்' என்ற சொல்லும் அத்தகைய கலங்களோடு கடல் வழியாக நம்மிடம் வந்ததே. பாரசீகத்திலும் மலாய் மொழியிலும் அதற்கு உறவுச் சொற்கள் இருக்கின்றன.

ஆகவே மெருகு என்பது வேறொன்றுமன்று, மெல்லிய கண்ணாடிப் படலம். மணலில் உள்ள சிலிக்காவே அதற்கு அடிப்படை. தனிச் சிலிக்கா உருகுவதற்கு 1700 பாகைக்கு மேல் வெப்பம் வேண்டும். அத்தனை வெப்பத்தை எந்தக் குயவரின் சூளையும் தாங்காது. அதனால் சோடியம், பொற்றாசியம், சுண்ணாம்பு, ஈயம் முதலியவற்றின் சேர்மங்களில் ஒன்றையோ பலவற்றையோ கலந்து உருகுநிலையைத் தாழ்த்துகிறார்கள். இவற்றுட் சோடியமும் பொற்றாசியமும் மிக எளிதில் உருக்குபவை. தொல்லை தருபவையும் அவைதாம்.

தொல்லை எப்படி நேருகிறது? சூளை குளிரும்போது உடலாகிய மண்ணும் சுருங்குகிறது. மேலே ஒட்டிய கண்ணாடியும் சுருங்குகிறது. ஏறத்தாழ 600 பாகை வரையிலும் கண்ணாடி இன்னும் இளகிய நிலையில் இருப்பதால் மண்ணோடு ஒத்துப் போகும். அதன்கீழே அது இறுகிவிடும். அதன்பின் இரண்டும் வெவ்வேறு அளவிற் சுருங்கினால் ஒன்றையொன்று இழுக்க வேண்டியதுதான். கணக்கொன்று செய்து பார்ப்போம். பாகைக்குப் பத்து இலட்சத்தில் 6 பங்கு சுருங்கும் மண்ணுடல், 600 பாகை குளிர்ந்தால் ஒரு மீற்றர் நீளத்துக்கு 3.6 மில்லிமீற்றர் சுருங்கும். பத்து இலட்சத்தில் 8 பங்கு சுருங்கும் மெருகோ 4.8 மில்லிமீற்றர் சுருங்க விரும்பும். 30 சென்ரிமீற்றர்த் தட்டு ஒன்றில் இந்த வேறுபாடு 0.36 மில்லிமீற்றர், அஃதாவது எழுதுதாள் மூன்று நான்கை அடுக்கிய தடிப்பு. இவ்வளவு சிறிய அளவுதான். ஆனால் மெருகு மண்ணை விட்டு நழுவ முடியாது. சுருங்கவும் முடியாமல் விலகவும் முடியாமல் அது இழுபட்டு நிற்கிறது.

கண்ணாடியின் குணம் ஒன்றை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். அதனை அமுக்கினால் வெகுவாகத் தாங்கும்; இழுத்தால் தாங்காது. எனவே இழுபட்ட மெருகு எங்கேனும் ஓரிடத்தில் விடுபடும், பின்னர் வேறோரிடத்தில் விடுபடும். இப்படியே வலைபோற் கோடுகள் ஓடிவிடுகின்றன. வன்னியிலே ஆவணி மாதத்துக் குளங்களைக் கண்டவர்க்கு இது புதிதன்று. நீர் வற்றிய குளத்தில் மேல்வண்டல் காய்ந்து சுருங்கும். அடிமண் அசையாது கிடக்கும். மேற்பரப்பு பாளம் பாளமாக வெடிக்கும். அங்கே காரணம் உலர்தல், இங்கே குளிர்தல். அங்கும் இங்கும் தடித்த படையில் வெடிப்புக்கள் அகன்று நிற்கும். மெல்லிய படையில் நெருங்கி நிற்கும்.

மறுதலையாக, மெருகு மண்ணை விடக் குறைவாகச் சுருங்கினால் அமுக்கப்பட்டு உறுதியாய் நிற்கும். நாள்தோறும் உண்ணும் தட்டுக்களை இப்படித்தான் செய்வர். ஆனால் அதுவும் அளவு மீறினால் விளிம்புகளில் மெருகு பெயர்ந்து சில்லுச் சில்லாகத் தெறிக்கும்.

இனி நாம் வாழும் இவ்வளைகுடாவுக்கு வருவோம். இரசாயன பாடத்தில் அமிலத்துக்கு எதிரான பொருளை 'அல்கலி' என்று படிக்கிறீர்கள் அல்லவா? அது அரபுச் சொல். உப்பு நிலத்துச் செடிகளை எரித்து எடுத்த சாம்பலுக்கு 'அல் கலி' என்று பெயர். பொற்றாசியத்துக்கு 'கே' என்ற குறியீடு வந்ததும் இச்சொல்லின் வழி வந்த 'காலியம்' என்ற பெயரினாலேதான். நம் ஊர்களில் உப்பளங்களின் ஓரத்தில் உமரி என்ற செடி தழைத்திருக்கும். அதன் இனத்தவையே இங்குள்ள உவர்நிலங்களிலும் வளர்கின்றன. அத்தகைய செடிகளின் சாம்பலில் சோடியம் மிகுதி. அச்சாம்பலை மணலோடு சேர்த்து உருக்கி, அதிற் சிறிது செம்பையும் கலந்தால் வெயிலில் மின்னும் கடலைப் போன்ற நீலப்பச்சை நிறம் தோன்றும். அதே செம்பை ஈயம் கலந்த மெருகில் இட்டால் இலைப்பச்சைதான் கிடைக்கும். இந்த நீலப்பச்சை சாம்பல் மெருகுக்கே உரியது.

ஈராக்கின் ஆற்றுப்படுகைகளில் இத்தகைய நீலப்பச்சைத் தாழிகளைப் பார்த்தியர் காலத்திலும் சாசானியர் காலத்திலும் இசுலாமிய ஆட்சியின் தொடக்க நூற்றாண்டுகளிலும் இடைவிடாது செய்துவந்தனர். சோடியம் மிகுந்த மெருகு அதிகம் சுருங்குவது என்று கண்டோம். அந்நாட்டுக் களிமண்ணிற் சுண்ணாம்பு மிகுதியாதலின் அம்மண்ணும் ஓரளவு அதிகமாகவே சுருங்கும். அதனால் மெருகு அதன்மேல் ஒருவாறு நின்றது. முற்றாக நின்றதென்று சொல்வதற்கில்லை. பல கலங்களில் மயிர்க்கோடுகளைக் காணலாம். ஆனால் வாங்கியவர் யாரும் அதைக் குறையென்று கருதியதாகத் தெரியவில்லை. தடித்த தாழி, கெட்டியான மெருகு, உள்ளே பாகோ எண்ணெயோ. வேலை நடந்தது.

இத்தாழிகள் போய்ச் சேர்ந்த இடங்களைப் பார்த்தால் வியப்பு உண்டாகும். ராஸ் அல் கைமாவில் குஷ் என்ற மேட்டில் 1990களில் நடந்த அகழாய்வில் இவ்வகை ஓடுகள் கிடைத்தன. உம் அல் குவைனில் உள்ள அத்தூர் என்ற பழைய பட்டினத்தில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட மெருகுக் கலங்கள் கிடைத்தன. கிழக்கே சீனத்தின் பூசௌ நகரில் 930ஆம் ஆண்டு இறந்த லியூ ஹுவா என்ற அரசகுலப் பெண்ணின் கல்லறையை 1965இல் திறந்தபோது உள்ளே மூன்று நீலப்பச்சைத் தாழிகள் நின்றன. இவ்விரு கரைகளுக்கும் நடுவே நின்ற துறைமுகம் எது? நம் மாதோட்டம்! மன்னார்ப் பெருநிலத்தில், திருக்கேதீச்சரம் கோயிலைச் சூழ்ந்துள்ள மேடு. 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் என்ற அறிஞர் தலைமையில் அங்கே அகழ்ந்தபோது வளைகுடாவின் நீலப்பச்சை ஓடுகளும் சீனத்தின் பீங்கான் ஓடுகளும் ஒரே மண்ணிலிருந்து வெளிவந்தன. பின்னர் போர் மூண்டமையால் அகழாய்வு நின்றது. அவற்றைப் பற்றிய நூல் 2013ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது. அதற்கு முன்பாக 2009, 2010ஆம் ஆண்டுகளில் அங்கே மீண்டும் சிறிதளவு அகழ்ந்தார்கள்.

தேவாரம் பாடிய நாவுகள் போற்றிய துறையில் வளைகுடாவின் தாழி வந்து இறங்கியது என்பதனை மாணவர்க்குச் சொல்லாமல் விடுவது முறையன்று எனக் கருதுகிறோம். நாம் இக்கரைக்கு வந்து சேருமுன்னரே இக்கரையின் மண் அக்கரைக்குப் போயிருக்கிறது.

இதுவரை கூறியது தானாக வந்த வெடிப்பு. அதனைத் தேடிச் செய்யும் கலையாக வளர்த்தவர்கள் சீனர். வட சொங் அரசர்களுக்காக 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹெனான் மாநிலத்தில் 'ரு' என்னும் கலங்கள் செய்யப்பட்டன. சாம்பல் நிற மண். மழை ஓய்ந்த வானத்தின் நிறத்தில் மெருகு. அதனுள்ளே பனிக்கட்டி பிளந்தாற்போன்ற கோடுகள். இன்று உலகில் எஞ்சியுள்ளவை நூறுக்கு உட்பட்டவை. மேலே கூறிய ஏலக் கிண்ணம் அவற்றுள் ஒன்று.

1127ஆம் ஆண்டிலே வடக்கேயிருந்து வந்த படையெடுப்பால் தலைநகரை இழந்த சொங் அரசவை தெற்கே ஓடியது, ஹாங்சௌவில் நிலைகொண்டது. பழைய சூளைகள் பகைவர் நாட்டில் அகப்பட்டுக்கொண்டன. பூசைக் கலங்களும் விழாக் கலங்களும் இல்லாமல் அரசவை நடைபெறாது. புதிய இடத்தில் கிடைத்த மண்ணோ இரும்பு மிகுந்த கருமண். அம்மண்ணிலே பழைய வானநிறத்தை எப்படி வரவழைப்பது? உடலை மிக மெல்லியதாக வனைந்து, அதன்மேல் மெருகை ஒருமுறையன்றிப் பலமுறை பூசிச் சுட்டார்கள். சில கலங்களில் மண்ணை விட மெருகே தடிப்பாக இருக்கிறது. தடித்த மெருகு பெரும் பாளங்களாக வெடித்தது. வாயோரத்தில் மெருகு வழிந்து மெலிந்த இடத்தில் கருமண் செவ்வூதாவாக எட்டிப்பார்த்தது. மெருகில்லாத அடிப்புறம் இரும்பு நிறமாக நின்றது. 'ஊதா வாய், இரும்புக் கால்' என்று சீனர் அதனைப் புகழ்கின்றனர். இக்கலங்களுக்குக் 'குவான்' என்று பெயர். 'அரசுக்குரியது' என்பது பொருள். இழந்த ஊரின் நிறத்தைப் புதிய ஊரின் மண்ணிலே தேடியபோது இரண்டிலும் இல்லாத ஓர் அழகு பிறந்தது. இவ்வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் நாம் இந்த இடத்திற் சற்று நின்றுவிடுவதுண்டு.

அதன்பின் வந்த 'கோ' என்னும் கலங்களில் இக்கலை இன்னும் ஒருபடி சென்றது. அவற்றிலே இருவகைக் கோடுகளைக் காணலாம். அகன்ற கரிய கோடுகள் ஒருவகை. அவற்றிடையே நெருங்கிய பொன்னிறக் கோடுகள் மற்றொருவகை. 'பொன்னிழை, இரும்புக் கம்பி' என்பது சீன வழக்கு. சூளையிலிருந்து எடுத்தவுடன் ஓடிய பெரிய வெடிப்புக்களிற் கருமை ஏற்றுவர். மெருகின் இழுவை அத்தோடு முற்றாகத் தீர்வதில்லை. பின்னர் மெல்ல மெல்லச் சிறு வெடிப்புக்கள் தோன்றும். அவை வெளிறிய நிறத்தையே ஏற்கும். ஒரே கலத்தில் இரு காலம் எழுதப்பட்டிருப்பதை இப்படி வாசிக்கலாம்.

மெருகு பின்னரும் வெடிக்கிறதா என்று ஐயுறுவோர் குயவரின் பட்டறைக்குச் சென்று செவிகொடுக்க வேண்டும். சூளையைத் திறந்து கலங்களைத் தட்டில் அடுக்கியதும் 'டிங், டிங்' என்று சிறு மணியோசை எழும். ஒவ்வோர் ஓசையும் ஒரு புதிய கோடு. முதல் மணி நேரத்தில் அடிக்கடி கேட்கும்; பின்னர் நாட்கணக்கிலும் எப்போதேனும் ஒன்று கேட்கும். ஜப்பானில் ஹகி என்ற ஊரின் தேநீர்க் கிண்ணங்களில் இக்கோடுகள் வழியே தேநீர் ஊறி ஊறிப் பல ஆண்டுகளிற் கிண்ணத்தின் நிறமே மாறிவிடும். அதனை அந்நாட்டவர் விரும்பிப் பேணுகின்றனர். நம் வீடுகளில் அதே மாற்றத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்துப் போக்கப் பார்ப்போம்!

இன்று இதனைச் செய்வோர் பின்பற்றும் முறை கடினமானதன்று. பெல்ஸ்பார் என்ற கற்பொடியில் சோடியமும் பொற்றாசியமும் இயல்பாகவே உண்டு. அதனை 85 பங்கும், சுண்ணக்கற் பொடியை 15 பங்கும் எடுத்து நீரிற் குழைத்து, முதற்சூடு சுட்ட வெள்ளைக் கலத்தின்மேல் தடிப்பாகப் பூசி, 1250 பாகைக்கு மேலே சுட்டால் பெரும்பாலும் வெடிப்புக்கோலம் வந்துவிடும். கோலம் வேண்டாமெனில் சிலிக்காவைச் சிறிது சிறிதாகக் கூட்டவேண்டும். கலம் ஆறியதும் கறுப்பு மையைத் தூரிகையால் எங்கும் தடவி, சிறிது நேரம் கழித்து ஈரத்துணியால் துடைத்தால் மேற்பரப்பில் உள்ள மை போய்விடும். கோடுகளுக்குள் புகுந்தது நின்றுவிடும். கடுந்தேநீரும் போதுமானது. புதுச்சேரியில் 1971ஆம் ஆண்டு தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பட்டறையின் வழியாக உயர்வெப்ப மெருகுக்கலை தமிழகத்துக் கரையில் வேரூன்றிவிட்டது. நம் இளைஞருக்கு அதில் இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

பெற்றோர் கவனிக்க வேண்டிய பகுதி இனி வருகிறது. அலங்காரச் சாடியில் அழகான கோடு, சோற்றுத் தட்டில் ஆகாது. காரணங்கள் பல. வெடித்த மெருகு கலத்தின் வலுவைக் குறைக்கும். கோடுகளுக்குள் எண்ணெயும் உணவுத் துகளும் புகுந்தால் கழுவி எடுக்க இயலாது; மண்ணுடல் நுண்துளையுடையதாயின் அங்கே ஈரம் தங்கிக் கிருமிகள் பெருக இடமுண்டு. யாவற்றினும் முக்கியமானது ஈயம். பழைய கலங்களிலும், மலிவாக விற்கும் பளிச்சென்ற நிறப் பாத்திரங்கள் சிலவற்றிலும் ஈயம் கலந்த மெருகு இருக்கலாம். புளி, எலுமிச்சை, ஊறுகாய் ஆகியவற்றின் புளிப்பு அதனைக் கரைத்தெடுக்கும். சிறுவரின் மூளை வளர்ச்சிக்கு ஈயம் கேடு; இதற்குத் தீங்கற்ற அளவு என்று ஒன்று கிடையாது. ஆகவே சந்தையில் வாங்கிய வெடிப்புக்கோலச் சாடியில் பூ வையுங்கள், ஊறுகாய் வைக்காதீர்கள்.

வாங்கும்போது வெடிப்பில்லாத தட்டு, சில ஆண்டு சென்று வெடிப்பதும் உண்டு. அது கடைக்காரரின் ஏமாற்று என்று எண்ணவேண்டா. குறைந்த வெப்பத்திற் சுட்ட மண்ணுடல் காற்றிலும் கழுவும் நீரிலும் உள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சிச் சிறிதளவு பருக்கும். உடல் பருக்கும்போது மேலேயுள்ள மெருகு இழுபடும், ஒருநாள் வெடிக்கும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த கிண்ணத்தில் கொதிக்கும் சாம்பாரை ஊற்றுவதும் அதனை விரைவுபடுத்தும். ஓட்டுத் தொழிற்சாலைகள் இதனை அறிந்தே வைத்திருக்கின்றன. 1989இல் ராஸ் அல் கைமாவில் நிறுவப்பட்ட ராக் செராமிக்ஸ் நிறுவனம் உலகெங்கும் தரையோடு விற்கிறது. இத்தகைய மெருகோடுகளுக்கு உலகத் தர அமைப்பு வகுத்த சோதனை ஒன்று உண்டு: மூடிய கலத்தில் அழுத்தமுள்ள நீராவியில் இரண்டு மணி நேரம் வைத்தெடுத்து, பின் சாயம் தடவிக் கோடு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். குஷ் மேட்டுத் தாழி ஓடுகள் கிடைத்த அதே அமீரகத்திலே இன்று இத்தொழில் நடப்பது ஒரு பொருத்தந்தான்.

இனி மாணவர்க்கு ஒரு செய்முறை. சூளை தேவையில்லை. தடித்த அட்டைத் துண்டொன்றுக்குக் கறுப்பு அக்ரிலிக் வண்ணம் பூசி நன்கு உலரவிடுங்கள். அதன்மேல் பள்ளியில் பயன்படுத்தும் வெள்ளைப் பசையைத் தடிப்பாகப் பூசுங்கள். விரலில் ஒட்டும் அளவுக்கு அது பாதி காய்ந்திருக்கும்போதே வெள்ளை அக்ரிலிக் வண்ணத்தை ஒரே இழுப்பாகப் பூசுங்கள். பூசிய இடத்தில் தூரிகையை மறுபடி ஓட்டக்கூடாது. மேற்படை காய்ந்து சுருங்கும். அடியிலுள்ள பசை இன்னும் இளகியிருக்கும். சிறிது நேரத்தில் வெள்ளையைக் கிழித்துக்கொண்டு கறுப்புக் கோடுகள் ஓடக் காண்பீர்கள். இரண்டு அட்டைகளை எடுத்து, ஒன்றிற் பசையைத் தடிப்பாகவும் மற்றதில் மெல்லியதாகவும் பூசிப் பாருங்கள். எதில் பாளம் பெரிதாக வருகிறது, எத்தனை நிமிடத்தில் முதற்கோடு தோன்றுகிறது என்பவற்றை அட்டையின் பின்புறம் தமிழில் எழுதி, அடுத்த வார வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். ராஸ் அல் கைமாவின் பழைய கோட்டையில் அமைந்துள்ள தேசிய அருங்காட்சியகத்துக்குப் போகும் குடும்பத்தினர், அங்குள்ள மெருகுக் கலங்களின் அருகே நின்று இந்த அட்டையையும் ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம்.